உறையூர் அத்தை வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவும்

எங்கள் அப்பாவுக்குச் சாலை வரைபடம் தேவைப்பட்டதே இல்லை. சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அது போதும். சென்னையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால் வெறும் ஊர்ப்பெயராக எதையும் சொல்ல மாட்டார். "விழுப்புரம் சித்தப்பா வீட்டுல காப்பி. உறையூர் அத்தை வீட்டுல மத்தியானச் சாப்பாடு. ராத்திரி சிம்மக்கல் பெரியம்மா வீட்டுல தலையச் சாய்ச்சுக்கிடலாம். விடிஞ்சா கோவில்பட்டி பெரியப்பா வீட்டுல குளிச்சிட்டு இட்லி" என்பார். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இப்படி நான்கு வீடுகளுக்குள் அடங்கிவிடும். அந்த வீட்டுக்காரர்களின் சௌகரியத்தைக் கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது. ஒரு தபால் கார்டு போடுவார். நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் அந்தக் கார்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. அத்தை அதை வாங்கி, வருகிறோம் என்ற செய்தியை வந்தவர்களுக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

நான் சொல்வது 1980களின் தொடக்கம். போவது பங்குனி உத்திரத்துக்கு. திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ வயற்காட்டிலோ மலையடிவாரத்திலோ அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். பிழைக்கப் போனவர்கள் எங்கே இருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவர் முன்னால் ஆஜராகிவிட வேண்டும். இதற்குக் குடும்பச் சந்திப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கிற அளவுக்கு அதை யாரும் ஆசையாக எதிர்பார்க்கவும் இல்லை. வராவிட்டால் சாஸ்தா கோபித்துக்கொள்வார் என்பது சின்ன பயம். வராதவர்களைப் பற்றி வந்தவர்கள் ராத்திரி பூராவும் பேசுவார்கள் என்பதுதான் பெரிய பயம்.

அப்பாவுடையது யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டு விற்ற அம்பாசடர். முன்னால் பெஞ்சு மாதிரி நீள சீட்டு, கியர் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும், ஆகவே இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று தடுக்க நடுவில் எதுவும் கிடையாது. சித்தப்பா ஒருவர், அவர் மடியில் என் தம்பி, கதவோரம் பெரிய அண்ணன். பின்னால் ஆச்சி, அம்மா, சித்தி, அவர்களுடைய மடிகளில் நாங்கள். மேலே கேரியரில் டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், பொங்கல் வைக்க வெண்கலப் பானை, எல்லாவற்றின் மேலும் தார்ப்பாய். சீட் பெல்ட் என்பது ஆகாய விமானத்தில் இருப்பதாகக் கேள்வி. வாந்தி வராமலிருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அந்த எலுமிச்சம்பழத்தின் வாசனைக்கே வாந்தி வந்துவிடும்.

சாலைக்கு அப்போது ஜி.எஸ்.டி. ரோடு என்று பெயர், 45 என்று எண். எதிரில் லாரி வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். இறங்குவது எப்போதும் நாங்கள்தான். இரண்டு பக்கமும் புளியமரங்கள், இடுப்பில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எண் எழுதியிருக்கும். அந்த மரங்களின் காய்ப்பை நெடுஞ்சாலைத் துறை வருஷா வருஷம் ஏலம் விடும். நிழலில் காரை நிறுத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆச்சி அண்ணாந்து பார்த்து, ஏலம் எடுத்தவனுக்குக் கட்டுப்படியாகுமா ஆகாதா என்று தீர்ப்பு சொல்வாள்.

வண்டி நின்றுகொண்டேதான் போகும். ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்கும். ரேடியேட்டர் கொதித்தால் நிற்கும். கேட்டில் வெள்ளரிப்பிஞ்சுக்காரியிடம் ஆச்சி பேரத்தை முடிப்பதற்குள் ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனிலேயே கையை வைத்துவிடுவார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு ஏதாவது கிணற்றடிக்குப் போனால் வாளி வருவதற்கு முன் விசாரணை வரும். எந்த ஊர், யார் வீட்டு ஆட்கள், அங்கே இன்னாரைத் தெரியுமா? ஆச்சி இறங்கிப் போய் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அந்தக் கிணற்றுக்காரரின் சம்பந்தி வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரு கொழுந்தியாள் வழி உறவைக் கண்டுபிடித்துவிடுவாள். என்ஜின் ஆறிய பிறகும் ஆச்சியைக் கிளப்ப முடியாது.

கயத்தாற்றில் மட்டும் எந்தக் கோளாறும் இல்லாமலே நிற்போம். கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் அங்கே ஒரு சிலை வைத்திருக்கிறார். அப்பா சிலைக்கு முன்னால் நின்று சிவாஜி குரலில் வசனம் பேசுவார். அலுவலகத்தில் மேலதிகாரிக்கு எதிரே அவர் பேசியதாகக் கேள்விப்படாத சொற்களெல்லாம் அங்கே வெளியே வரும். அம்மா காரை விட்டு இறங்க மாட்டாள்.

உறையூர் அத்தை, அப்பாவின் தங்கை. நாங்கள் போய் இறங்கியதும் முகம் மலர்ந்து "வாங்க வாங்க" என்பாள், உடனே உள்ளே போய்விடுவாள், அரை மணி நேரம் வெளியே வர மாட்டாள். பிறகு வாழையிலையில் சோறு, கத்தரிக்காய் கொத்சு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், ரசம், மோர். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் எப்படிச் செய்தாள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டதும் ஆண்கள் திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அம்மாவும் அத்தையும் பாத்திரம் துலக்கியபடி, எப்போதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த புடவையின் விலை குறித்த பழைய வழக்கைத் தணிந்த குரலில் மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கோயிலில் நடந்ததைப் பற்றி இப்போது எல்லோரும் கண் கலங்கப் பேசுகிறார்கள். நானும் அங்கே இருந்தவள். வயல் வரப்பில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள், புகையில் கண் எரியும், பங்குனி வெயில் உச்சியில் நிற்கும். ஆண்கள் ஆலமரத்தடியில் வரி நோட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கோயிலுக்குத் தலைக்கட்டு வரி என்று உண்டு. குடும்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு; அவர் பெயரில் வரி எழுதி, அவருக்குத் தேங்காய் மூடியும் பழமும் பிரசாதமாக வரும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நோட்டில் பெயர் கிடையாது. அவள் இனி வேறு சாஸ்தாவின் பொறுப்பு. அத்தை உறையூரிலிருந்து எங்களோடு காரில் இடுக்கி உட்கார்ந்து வந்த வருஷங்களில்கூட நோட்டைப் பொறுத்தவரை அவள் வரவில்லை.

சண்டைகளும் ஒழுங்காக நடந்தன. பெரிய பெரியப்பாவுக்கும் சின்னத் தாத்தா வீட்டுக்கும் ஒரு கிணற்றில் இறவை முறை குறித்துத் தகராறு. எந்தக் கிழமை யார் தண்ணீர் இறைப்பது என்பதில் தொடங்கி நீதிமன்றம் வரை போனது. இரண்டு வீட்டுக்கும் அடுப்பு பக்கத்துப் பக்கத்தில்தான். ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள். சாஸ்தாவிடம் பேசுவதுபோல எதிராளி காதில் விழ வேண்டியதைச் சத்தமாகச் சொல்வார்கள். சாஸ்தா வருஷா வருஷம் இரண்டு தரப்பையும் கேட்டுக்கொண்டு தீர்ப்பை ஒத்திவைத்தார்.

அப்புறம் ஆச்சி போனாள், அப்பா போனார், காரை இரும்புக் கடைக்குப் போட்டோம். அம்பாசடர் தயாரிப்பே 2014இல் நின்றது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா பேத்திக்கு ஒருநாள் திடீரென்று வேர் ஞாபகம் வந்தது. வாட்ஸப் குழு தொடங்கினாள். முதல் வாரத்தில் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தோம். இரண்டாம் வாரத்தில் அரசியலால் சிலர் வெளியேறினார்கள். அவர்களை மறுபடி சேர்க்க ஒரு சமாதானக் குழு தனியாக உண்டாயிற்று. தேதியை வாக்கெடுப்பில் முடிவு செய்தோம். பங்குனி உத்திரம் என்று சொன்ன என் பெரிய அண்ணனுக்கு அவருடைய ஓட்டு ஒன்றுதான் கிடைத்தது. மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மே மாதம், குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட் என்று தீர்மானம் ஆனது. மே மாதத்தில் குற்றாலத்தில் அருவி இருக்காது, பாறை இருக்கும். அதனால் வாடகை குறைவு. நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் காலை, "10.30 முதல் 11.15 வரை குலதெய்வ தரிசனம் (விருப்பமுள்ளவர்கள்)" என்று போட்டிருந்தது. எந்தக் காலத்திலும் சாஸ்தாவை விருப்பப் பாடமாக யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் மகன்தான் ஓட்டினான். ஏழு பேர் உட்காரும் வண்டி. அதில் நான்கு பேர் போனோம். குளிர்பதனம், ஆளுக்கொரு சார்ஜர், ஆளுக்கொரு காதடைப்பான். சாலைக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். 2010இல் நாடு முழுக்க மறு எண்ணிட்டபோது எங்கள் பழைய 45 சிதறிப்போய், திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு 38 என்று ஆயிற்று. நான்கு வழியாக அகலப்படுத்தும்போது புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள்; அதை யாரும் ஏலம் எடுப்பதில்லை.

ஊர்கள் வரவே இல்லை. செங்கல்பட்டு எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது மகனின் போனில் பரனூரில் பணம் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஃபாஸ்டேக் 2021இல் கட்டாயமான பிறகு நின்று காசு கொடுத்துச் சில்லறைக்குச் சண்டை போடுகிற வேலையும் போய்விட்டது. பரனூருக்குப் பிறகு ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதகுடி, சிட்டம்பட்டி, கப்பலூர் என்று போனில் ஒவ்வொரு சுங்கச்சாவடியாக வந்துகொண்டிருந்தது. அப்பாவின் வழித்தடத்தில் செங்குறிச்சிக்கும் பூதகுடிக்கும் இடமே கிடையாது. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. விழுப்புரமும் திருச்சியும் மதுரையும் சித்தப்பாவும் அத்தையும் பெரியம்மாவுமாக இருந்தவை. இப்போது அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் புறவழிச்சாலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உறவுகளைத் தொடாமல் உறவினர் சந்திப்புக்குப் போய்ச் சேர அரசாங்கம் செய்து தந்திருக்கும் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மத்தியானம் சாப்பிட ஒரு பெரிய உணவகத்தில் நிறுத்தினோம். பணம் கட்டி டோக்கன் வாங்கி, எண்ணைக் கூப்பிடும்வரை நின்றோம். எந்த ஊர், யார் வீட்டு ஆட்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் எண் மட்டும் கேட்டார்கள்.

கொள்ளிடப் பாலத்தில் போகும்போது மலைக்கோட்டை தெரிந்தது. "அத்தை வீடு அந்தப் பக்கம்தான்" என்றேன். "அத்தைதான் ரிசார்ட்டுக்கு வந்துடுவாங்களேம்மா, அங்க பாத்துக்கலாம்" என்றான் மகன். தர்க்கம் சரிதான். எண்பது தாண்டிய அத்தை அன்று காலையிலேயே பேரனோடு ரயிலில் கிளம்பியிருந்தாள். அவள் வீட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் பக்கத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவள் எங்களைப் பார்ப்பதற்காகத் தென்காசிப் பக்கம் எங்கேயோ இருந்தாள். திருமங்கலத்தில் வண்டி ராஜபாளையம் சாலைக்குத் திரும்பியது. கோவில்பட்டியையும் கயத்தாற்றையும் கூகுள் மொத்தமாக வெட்டிவிட்டது. நாற்பது நிமிஷம் மிச்சமாம்.

ரிசார்ட் வாசலில் சட்டை கொடுத்தார்கள். பெரியப்பா கிளைக்கு நீலம், சின்னத் தாத்தா கிளைக்கு மஞ்சள், எங்களுக்குப் பச்சை. முதுகில் ஆலமரப் படம். கைச்செலவுக்கான பங்கை அனுப்ப ஒரு கியூஆர் குறியை மேஜைமேல் ஒட்டியிருந்தார்கள். வரி நோட்டின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க ஃப்ளெக்ஸில் குடும்ப மரம். இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அச்சடித்தவர்கள் அம்பையிலிருந்து வந்திருந்த எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவருக்கும் நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு நாளும் எந்த வேலை சொன்னாலும், "நாந்தான் போயிட்டனே" என்று நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

விளையாட்டுகள் நடந்தன. கொள்ளுத்தாத்தா பெயர் என்ன என்ற வினாடி வினாவில் பஞ்சாபிலிருந்து வந்த மருமகள் முதல் பரிசு வாங்கினாள். எங்களுக்கெல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அவள் குழுவில் போட்ட பட்டியலைப் படித்திருந்தாள். கயிறு இழுக்கும் போட்டியில் பெரிய பெரியப்பா பேரனும் சின்னத் தாத்தா பேரனும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். அவர்களுக்குள் என்ன பகை என்று அவர்களுக்கே தெரியாது. கிணறு தூர்ந்து, வயல் மனையாகி, மனையில் யாரோ வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்த வழக்கு என்ன ஆனது என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு தரப்புக்கும் நினைவில்லை.

குடும்ப மரத்துக்கு முன்னால் அத்தை வெகுநேரம் நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினாள். பெண் மக்கள் பெயரும் இந்த முறை உண்டு. பெங்களூர்ப் பேத்தி பிடிவாதமாகச் சேர்த்திருந்தாள். அத்தை பெயர் கிடைத்தது, ஒரு ஒற்றெழுத்து விடுபட்டு. "பரவால்லட்டி, ஆளு தெரியுதுல்லா" என்றாள். சாஸ்தாவும் பொங்கலும் ஒரே அடுப்புப் புகையும் இருந்த காலத்தில் கிடைக்காத இடம், ஆயத்த ஆடையும் வினாடி வினாவும் இருக்கும் காலத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தயவில் கிடைத்திருக்கிறது. பழைய காலத்தைப் புகழ வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரி நோட்டு வந்து குறுக்கே நிற்கிறது.

சாயங்காலம் மைக்கைப் பிடித்தான் என் தம்பி. அந்தக் காலத்தில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றால் போதும், சொல்லாமலே இலை விழும், அந்தச் சோற்றின் ருசி இனி எந்த ஓட்டலிலும் வராது, அந்த அன்பெல்லாம் எங்கே போயிற்று என்று குரல் தழுதழுக்கப் பேசினான். கைதட்டினார்கள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜியின் எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவன் என்னத்தப் பேசுதான்? ஒங்கப்பன் காரு ஹாரன் கேட்டா எனக்கு வயித்தக் கலக்கும். மாமாவுக்குச் சம்பளம் வர இன்னும் நாலு நாளு கெடக்கும். கொல்லை வழியா ஓடி எதுத்த வீட்டுல ரெண்டு படி அரிசி கைமாத்து வாங்குவேன். பக்கத்து வீட்டுல கத்திரிக்கா. அப்பளம் அவங்களும் குடுக்கமாட்டாங்க, கடைக்குப் பயல ஓட்டுவேன். அரை மணி நேரம் நான் எங்க போனேன்னு யாராது கேட்டீங்களா?"

"சொல்லியிருக்கலாம்லா அத்தை?"

"எப்பிடிட்டிச் சொல்ல? அண்ணம்லா வாரான்." பஜ்ஜியை ஒரு கடி கடித்தாள். "இப்ப ரோடு நல்லாப் போட்டுட்டான். யாரும் உள்ள வாரதில்ல. நிம்மதியாத்தான் இருக்கு." கொஞ்சம் கழித்து, "அதுக்காவ ஒருத்தருமாட்டி வரமாட்டீங்க?" என்றாள்.

மறுநாள் குலதெய்வ தரிசனத்துக்கு இரண்டு வேன் போதுமாக இருந்தது. சாஸ்தாவுக்குப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். வெண்பொங்கலை ரிசார்ட் சமையற்காரர் டப்பாக்களில் கட்டிக் கொடுத்திருந்தார். பதினொன்றே காலுக்கு விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பும்போது பேரன் நேரே பெங்களூர் போவதால் அத்தையை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். திருச்சி நெருங்கியதும் மகன் வேறு வழியில்லாமல் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினான். போனிலிருந்த பெண் பதறிப்போனாள். முடிந்த இடத்திலெல்லாம் திரும்பி நெடுஞ்சாலைக்கே வந்துவிடும்படி மன்றாடினாள். அத்தை பின் சீட்டிலிருந்து, "அவ கெடக்கா, நீ நேராப் போ" என்று மகனுக்கு வழி சொன்னாள். சென்னை போய்ச்சேரும் நேரம் திரையில் சிவப்பாக ஏறிக்கொண்டே இருந்தது.

வீடு பூட்டிக் கிடந்ததால் பால் இல்லை. வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்பப்போகிறோமே என்று அத்தை சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கொல்லை வழியாக ஓடிக் கேட்க, எதிர் வீடு அடுக்குமாடியாகிவிட்டிருந்தது. மகன் போனில் காப்பிக்கு ஆர்டர் போட்டான். கால் மணி நேரத்தில் அட்டைக் குடுவையில் டிகிரி காப்பியோடு ஒரு பையன் சந்து முனைக்கு வந்து, வீடு தெரியவில்லை என்று கூப்பிட்டான். அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டு, இடித்துவிட்ட ஒரு தியேட்டரையும் மூடிவிட்ட ஒரு ரைஸ் மில்லையும் அடையாளம் சொல்லி அவனை வரவழைத்தாள். அவன் குடுவையை நீட்டியதும் வாங்கிக்கொள்ளாமல், "எந்த ஊருய்யா?" என்றாள்.

"மணப்பாறை பாட்டி."

"மணப்பாறைல யாரு வீடு?"

அவன் சொன்னான். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. அத்தை விடவில்லை, அவன் அம்மா பிறந்த ஊர்வரை போனாள். பிறகு அவன் கொண்டுவந்த காப்பியிலேயே ஒரு டம்ளர் ஊற்றி அவன் கையில் கொடுத்து உட்காரச் சொன்னாள். அவன் போன் அடுத்த ஆர்டருக்காகக் கத்திக்கொண்டிருந்தது. மகனின் போனும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அது கெடக்கு, நீ குடி" என்றாள் அத்தை, இரண்டு பேரையும் பார்த்து.